நோவு நின்ற பின்னேரம்

தம்பி,

நாளைக்கு நீ கிளாலிக்குப் போகிறாய். வள்ளத்தில் ஏறிக் கடலைக் கடந்து, கொழும்புக்குப் போய், அங்கிருந்து பெயரைச் சொன்னாலே எனக்கு வாய் சுளுக்கும் ஒரு நாட்டுக்குப் போகப் போகிறாய். பைக்குள் நான் என்னென்ன வைத்தேன் என்று நீ பார்க்கவில்லை. மிளகாய்த்தூள் இருக்கிறது, பருத்தித்துறை வடை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கடிதமும் இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ கேட்க மாட்டாய், அதுதான் காரணம். நான் வாயைத் திறந்ததும் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று தலையை ஆட்டிக்கொண்டே சைக்கிளை எடுத்துவிடுவாய். கடிதத்திடம் அப்படித் தப்ப முடியாது. கொழும்பில் ஏதாவது ஒரு அறையில் பொழுது போகாமல் கிடக்கும்போது எப்படியும் பிரித்து வாசிப்பாய் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

இந்த மாதம் முழுக்க ஆளுக்கு ஆள் உனக்குப் புத்தி சொல்லிவிட்டார்கள். குளிருக்கு எப்படி உடுப்பது, யாரை நம்பக் கூடாது, எந்தப் பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது என்றெல்லாம் சொன்னார்கள். அதில் பாதியை நீ கேட்டாலே போதும், கடைசியாகச் சொன்னதைப் பற்றி எனக்கு நம்பிக்கையும் இல்லை. நான் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று. உடம்பில் நோவு வந்தால் வாயைத் திறந்து சொல்லு. இதற்கா இவ்வளவு பெரிய கடிதம் என்று சிரிக்காதே. போன வருடம் இங்கே திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிளால் விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது நீ என்ன செய்தாய்? அந்தப் புழுக்கத்தில் நீட்டுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். கிணற்றில் வாளியை இழுக்க முடியாமல் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டால் "ஒண்டுமில்லை அம்மா" என்றாய். இந்த ஒண்டுமில்லையைக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அப்பாவின் பரம்பரையில் பனை முறிந்து தலையில் விழுந்தாலும் ஒண்டுமில்லை என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல் உன் அப்பாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நீ முழுதாக அறியமாட்டாய். நீ அப்போது சின்னப் பிள்ளை. எல்லாம் நடக்க முதலே சாவகச்சேரியில் சின்னம்மா வீட்டுக்கு உன்னை அனுப்பியிருந்தோம், அப்பாவின் கால் ஆறும்வரை அங்கேதான் நின்றாய். திரும்பி வந்தபோது அப்பாவின் காலில் ஒரு பள்ளம் இருந்தது, அதைத் தடவிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாய். அந்தப் பள்ளத்தின் கதையைத்தான் இப்போது சொல்கிறேன்.

ஆடி அமாவாசை என்றால் என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கும் விரதம் அது. தகப்பன் உயிரோடு இருக்கும் பிள்ளை அன்றைக்கு விரதம் பிடிப்பதில்லை. அதனால்தான் அப்பாவும் பெரியப்பாவும் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருக்க, நீ மட்டும் காலையிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் திரிவாய். அந்த விரதத்துப் படையலில் கட்டாயம் இருக்கவேண்டியது காத்தோட்டிக்காய். கைப்பென்றால் கைப்பு, வருடத்தில் வேறு எந்த நாளிலும் அதை யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் அதற்கு மாப்பிள்ளை மரியாதை. சந்தையில் குவித்து வைத்து விற்பார்கள். உன் அப்பா வாங்கமாட்டார். தன் தகப்பனுக்குப் படைக்கிற காயைத் தன் கையாலேயே பறிக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். காத்தோட்டி பற்றையாகப் படர்வது, முள் கொக்கி போல வளைந்திருக்கும், உள்ளே போனால் இலேசில் விடாது. அந்த வருடம் அமாவாசைக்கு முதல்நாள் தோட்டத்து வேலிக் கரையில் காய் பறிக்கப் போனவருக்கு முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலில், முள் ஏறிவிட்டது. ஊசியால் கிண்டி எடுத்தார், எருக்கலம்பால் வைத்தார், காயை என்னிடம் தந்தார். முள் தைத்தது என்றுகூட அவர் சொல்லவில்லை. சாரத்தில் பட்டிருந்த இரத்தப் பொட்டைப் பார்த்து நானே கேட்டு அறிந்துகொண்டதுதான்.

அன்று பொழுதுபடும்போது அவர் காலை நீட்டியபடியே இருந்தார். கடுக்கிறதா என்று கேட்டேன், பதில் உனக்குத் தெரியும். மறுநாள் விடியப் பெரியப்பாவோடு சைக்கிளில் கீரிமலைக்குப் புறப்பட்டுவிட்டார். ஆமி பிடித்துக்கொண்டதால் இப்போது போக முடியாத இடமாகிவிட்ட கீரிமலை அப்போது போகக்கூடியதாக இருந்தது. ஊரடங்கும் சுற்றிவளைப்பும் வந்து வந்து போன வருடங்கள்தான், ஆனாலும் பிதிர்க்கடனுக்குச் சனம் போய்க்கொண்டுதான் இருந்தது. உரும்பிராயில் இருந்து அது கிட்டிய தூரமல்ல. கேணியில் முழுகி, கடற்கரையில் தர்ப்பணம் செய்து, எரிக்கிற வெயிலில் சோளகக் காற்றுக்கு முகம் கொடுத்து இருவரும் திரும்பி வந்தார்கள். வழி முழுக்க உன் அப்பா ஒற்றைக் காலாலேயே மிதித்து வந்தார் என்று பெரியப்பா பிறகுதான் சொன்னார். வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே வந்து பாயில் சரிந்தார். தலை நனைந்து காய்ந்த கோலத்தோடு, நெற்றித் திருநீறு அழியாமல் கிடந்தார்.

நான் அடுப்படியில் நின்றேன். அன்றைக்கு எத்தனை கறி என்று உனக்குத் தெரியும், எல்லாம் ஆகி, வாழையிலையில் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் ஆண்கள் வாயில் ஏதும் வைக்கலாம். இடையில் வந்து எட்டிப் பார்த்தேன். ஆள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். நெற்றியில் கை வைத்தால் சுட்டது. போர்த்திவிடலாம் என்று சேலை ஒன்றை எடுத்து விரித்தேன். அதன் கரை காலில் பட்டதுதான், மனுசன் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த மனுசனுக்குக் கண்ணீர் வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மண்வெட்டி பாதத்தில் விழுந்த அன்றுகூடப் பாட்டுப் பாடிக்கொண்டு காலைக் கழுவியவர். குனிந்து காயத்தைத் தேடினேன். கடுகளவு ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இறுகிப் பளபளவென்று, தொட்டால் சுடுவதாக இருந்தது. இவ்வளவு சின்னக் காயத்துக்கு இவ்வளவு பெரிய நோவா என்று அப்போதே என் மனதில் ஒன்று உறுத்தியது. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "கடுகு சிறுத்தாலும் காரம் போகுமே" என்று பகிடி விட்டார்.

பெரியப்பாவை நீ தவறாக எண்ணாதே. தம்பி மேல் அவருக்கிருந்த பாசம் இந்த ஊருக்கே தெரியும். அவருக்குத் தெரிந்த நியாயங்களை அவர் சொன்னார். சைக்கிள் மிதித்த அலுப்பு, வெறும் வயிற்றுச் சூடு, குளிர்ந்த தண்ணீரில் முழுகிவிட்டு வெயிலில் வந்தது, காத்தோட்டி முள் என்றால் கடுக்கத்தானே செய்யும். ஒவ்வொன்றும் சரியான நியாயம்தான். வேறு எந்த நாளில் என்றாலும் காய்ச்சல் என்றதும் வெள்ளனவே டொக்டரிடம் போயிருப்போம். அன்றைக்கு விரதம். காய்ச்சலுக்கும் நடுக்கத்துக்கும் எல்லாவற்றுக்குமே விரதம் ஒரு பதிலாக இருந்தது. பனடோல் குளிசை ஒன்றாவது போடுங்கோ என்று கெஞ்சினேன். காகம் தொடாமல் தான் ஒன்றும் தொடமாட்டேன் என்றார் உன் அப்பா. "ஆக்கப் பொறுத்தனாங்கள், ஆறப் பொறுக்கமாட்டமே" என்றார் பெரியப்பா. சுவாமி அறையில் அரைத்து வைத்திருந்த சந்தனத்தை அள்ளி வந்து, சூட்டைத் தணிக்கட்டும் என்று, அந்தப் பளபளத்த இடம் முழுவதும் ஓரம் விடாமல் தானே பூசிவிட்டார். தகப்பன் பிள்ளைக்குப் பூசுவது போல ஊதி ஊதிப் பூசினார். நானும் திரும்பிப் போய்க் கறியைத்தான் இறக்கினேன்.

படையல் முடிந்தது, காகமும் வந்து எடுத்தது. சாப்பிட எழும்புங்கோ என்று கூப்பிடப் போனேன். வேண்டாம் என்று கையசைத்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன், சந்தனம் முடிகிற இடத்தில் அந்தப் பளபளப்பு முடியவில்லை. ஓரம் விடாமல் பூசியதை நான் என் கண்ணால் பார்த்தேன். இப்போது சந்தனத்துக்கு வெளியே நாலு விரற்கிடைக்கு மேல் ஏறி நின்றது, முழங்காலை எட்டிவிட்டது. சோறு வடித்து இலை போட்டு எடுத்த நேரத்துக்குள் அவ்வளவு தூரம் அது நடந்திருந்தது. உன் அப்பாவின் கறுப்பு நிறத்தில் சிவத்தால் சிவப்பாகத் தெரியாது, உன் தோலிலும் தெரியாது, இதை ஞாபகத்தில் வை. கன்றிப்போய், நாவற்பழத்தைத் தோலுக்குள் நசித்து விட்டது போல ஒரு நிறம். பெரியப்பாவிடம் காட்டினேன். சந்தனம் சூட்டை வெளியே இழுக்கிறது என்றார். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்துப் பார், வீக்கம் வாடும் என்றும் சொன்னார்.

தவிட்டை வறுத்துச் சீலையில் முடிந்துகொண்டு போனேன். என் உள்ளங்கை பொறுக்காத சூடு. சேலைக் கரை பட்டே துடித்தவர் இதை எப்படித் தாங்குவார் என்று பயந்து பயந்து, ஓரத்தில் தொட்டும் தொடாமல் வைத்தேன். அவர் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். அப்போதும் அசையவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இஞ்சேர், இப்ப நோகேல்லை. வடிவா விட்டிட்டுது" என்றார். முகமும் தெளிந்துதான் இருந்தது. பெரியப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி நல்லூரானைக் கும்பிட்டார். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. நான் மட்டும் கும்பிடவில்லை. காலைப் பார்த்தேன். வீக்கம் வாடவில்லை. கருநீலமாகி, தோலில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உள்ளே கறுத்த நீர் நின்றது. கால் இவ்வளவு மோசமாகிக்கொண்டு போகும்போது நோவு மட்டும் எப்படி நல்லதாகும்? சூட்டை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை, சூடு அவருக்குத் தெரியவே இல்லை. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என் கையில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து உன் அப்பா, "ஐயாவுக்குச் சோறு போட்டாச்சோ? சுருட்டுக் கேட்டவர், குடும்" என்றார். அவருடைய ஐயா, உன் அப்பப்பா, செத்து எத்தனையோ வருடம். படையலைத்தான் கேட்கிறான் என்று பெரியப்பா எண்ணினார். உன் அப்பாவின் கண் யாரையோ பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பெரியப்பாவுக்கு எதிரே நின்று ஒரு வார்த்தை கதைத்தவள் அல்ல. அவர் விறாந்தையால் வந்தால் நான் அடுப்படியால் போவேன். நாளைக் காலமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம், அமாவாசையும் அதுவுமாய், நோவும் நின்றுவிட்டது, இனி என்ன அவசரம் என்றார் அவர். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பொழுதுபட்டால் எந்தக் காரும் றோட்டில் இறங்காத காலம் அது. தவிட்டு முடிச்சைக் கீழே போட்டுவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அத்தான், நோ போகேல்லை. காலெல்லே போகுது. இருட்டினாப் பிறகு ஒருத்தரும் வரமாட்டினம். இப்ப கார் கொண்டு வாங்கோ, இல்லாட்டி நான் போறன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். குனிந்து தன் விரலால் தம்பியின் காலை ஒருமுறை அழுத்தினார், இன்னொருமுறை பலமாக அழுத்தினார். உன் அப்பா சுருட்டைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சால்வையைக்கூட எடுக்காமல் ஒழுங்கையால் ஓடினார். அந்த வயதில், தம்பி சாப்பிடாததால் தானும் சாப்பிடாத வெறும் வயிற்றோடு அவர் ஓடிய ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒழுங்கை முடக்கில் பழைய ஒஸ்ரின் கார் வைத்திருந்தவரும் அன்று தகப்பனுக்கு விரதம் இருந்தவர்தான். நாள் முழுக்க இருந்துவிட்டு அப்போதுதான் இலைக்கு முன்னால் குந்தியிருக்கிறார். சோற்றில் வைத்த கையைக் கழுவிக்கொண்டு எழும்பி வந்தார். உண்ணாத சோற்றுக்கு அவர் பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியப்பாவும் அவருமாக அப்பாவைப் பாயோடு தூக்கிப் பின் ஆசனத்தில் வளர்த்தினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் காலைப் பார்த்தார், கொப்புளத்தைப் பார்த்தார், முழங்காலுக்கு மேலே கையால் அழுத்தி எங்கே வரைக்கும் இறுகியிருக்கிறது என்று தேடினார். உடனே சத்திரசிகிச்சை செய்யும் பெரிய டொக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். பெரிய டொக்டர் நரைத்த மனுசன், பொறுமையாகத்தான் சொன்னார். இது மேல் தோலில் வருகிற புண் அல்லவாம். தோலுக்குக் கீழே தசையை மூடி ஒரு சவ்வு இருக்கிறதாம், அந்தச் சவ்வு வழியே கிருமி ஓடுகிறதாம். மேலே தெரிவது கொஞ்சம், கீழே அதைவிட எவ்வளவோ தூரம் போயிருக்கும். தொடக்கத்தில் நரம்பு துடிப்பதால் உயிர் போகிற நோவு, பிறகு நரம்பே செத்துப்போவதால் நோவு நின்றுவிடும். ஊசி மருந்து கொடுக்கத்தான் போகிறோம், ஆனால் மருந்து மட்டும் காணாது, கெட்டுப்போனதை உடனே வெட்டி எடுக்கவேண்டும், காலையும் எடுக்கவேண்டி வரலாம் என்றார். முள்ளால் வந்ததா, மண்ணால் வந்ததா, முழுகியதால் வந்ததா என்று பெரியப்பா கேட்டார். கிருமி எங்கும் இருக்கிறது, நுழைய ஒரு ஊசித் துவாரம் போதும், அதை இனி ஆராய்ந்து பலனில்லை என்றார். பிறகு கடைசியாக எப்போது சாப்பிட்டவர் என்று கேட்டார். பெரியப்பா குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டு, நேற்றிலிருந்து வாயில் ஒன்றும் வைக்கவில்லை, விரதம் என்றார்.

"நல்லதாப் போச்சு. வெறும் வயிறு. உடனை மயக்கலாம்" என்றார் டொக்டர்.

பிடிவாதமாக இருந்த அந்த விரதம் எங்களைத் தாமதிக்க வைத்தது, வந்து சேர்ந்த பிறகு ஒரு நிமிடமும் தாமதிக்க விடவில்லை. அதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, தெரியவேண்டும் என்றும் இல்லை. அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விறாந்தை வாங்கில் நானும் பெரியப்பாவும் இருந்தோம். சம்மதக் கையெழுத்தை நான் போட்டேன். பெரியப்பா என்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவனுக்கு ஏதும் நடந்தால், வாற ஆடிக்கு உந்தப் பெடியனையெல்லே நான் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். எட்டு வயசிலை அவனுக்கு என்னத்துக்கு, பிள்ளை, இந்த விரதம்?"

சொல்லிவிட்டு அழுதார். அந்த நிமிடம் வரை நான் அழவில்லை, பிறகு நானும் அழுதேன். உன்னைப் பற்றித்தான் அழுதோம். நீ அப்போது பந்தடித்த களைப்பில் சின்னம்மா வீட்டில் நித்திரையாகியிருப்பாய்.

உன் அப்பா தப்பினார், காலும் தப்பியது. இலேசாகத் தப்பவில்லை. கெண்டைக்காலிலிருந்து தொடை வரை திறந்து, கெட்டதை எல்லாம் எடுத்தார்கள், மறுநாளும் அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மற்றத் தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்து மூடினார்கள். இரத்தம் பார்த்தபோதுதான் அவருக்குச் சலரோகம் இருப்பதே தெரிந்தது, சீனி கூடின உடம்பில் இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டமாம். நீயும் போகிற இடத்தில் அதைச் சோதித்துப் பார், உன் வயதில் வராது என்று எனக்குச் சட்டம் சொல்லாதே. வீட்டுக்கு விடும் நாளில் பெரிய டொக்டர் என்னிடம் சொன்ன இரண்டு வசனத்தை அப்படியே எழுதுகிறேன். "காயத்தை விட நோ பெரிசா இருந்தால் வாங்கோ. பெரிய நோ சும்மா நிண்டால் ஓடி வாங்கோ" என்றார். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

முள் குத்தினதும் கீறல் பட்டதும் எல்லாம் இப்படி ஆகிவிடும் என்று நான் உன்னைப் பயப்படுத்தவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினால் அநேகமானவை தன்பாட்டில் ஆறிவிடும். நீ போய் எந்தக் கடையில் கோப்பை கழுவப் போகிறாயோ, எந்தக் கத்தியோடு மல்லுக்கட்டப் போகிறாயோ, கையில் வெட்டுப்படாமல் இருக்கப்போவதில்லை. ஆனால் கடுகளவு காயம் ஆளையே பாயில் போட்டால், தொட முடியாமல் நொந்தால், காய்ச்சலும் நடுக்கமும் கூட வந்தால், அலுப்பு என்று நினைக்காதே. வீங்கின இடத்தின் ஓரத்தில் பேனையால் ஒரு கோடு போட்டு வை. பெரியப்பாவின் சந்தனம் எனக்குச் செய்த வேலையை அந்தக் கோடு உனக்குச் செய்யும். வீக்கம் கோட்டைத் தாண்டி நடந்தால், நிறம் கறுத்தால், கொப்புளம் போட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, வேலை முடியட்டும் என்று பார்க்காதே, விடியட்டும் என்றும் பார்க்காதே. அந்த ஊர்ப் பாசை வராவிட்டால் காயத்தைக் காட்டு, கோட்டைக் காட்டு. பார்க்கிறவர் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினாலும், கூடிக்கொண்டு போனால் திரும்பப் போய் நில். மரியாதை பார்த்துக்கொண்டு வெட்கப்படாதே. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நான் ஒரே ஒரு நாள் மரியாதை கெட்டுக் கதைத்தேன், அதனால்தான் நான் சண்டை பிடிக்க இன்றைக்கும் உன் அப்பா இருக்கிறார்.

உன் அப்பாவுக்கும் புத்தி வந்துவிட்டது, கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. இப்போது ஒரு தும்மல் வந்தால் போதும், நானும் அறியவேண்டும் ஊரும் அறியவேண்டும். பெரியப்பாவோ ஊரில் யாருடைய காலில் கொசு கடித்தாலும் குனிந்து பெருவிரலால் அழுத்தி, நோகிறதா நோகிறதா என்று கேட்டுச் சனத்தின் உயிரை எடுக்கிறார். நோகுது என்று யாராவது கத்தினால் அவருக்கு அவ்வளவு சந்தோசம். இவர்கள் இரண்டு பேரும் இப்படி மாறிவிட்ட பிறகு, அந்த ஒண்டுமில்லையை இந்த வீட்டில் இன்னும் கட்டிக்காப்பவன் நீ ஒருவன்தான். இங்கே இருக்கும்வரை உன் முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்துவிடுவேன். நீ காலை வைக்கிற விதமும் கோப்பையைத் தூக்குகிற விதமும் எனக்குத் தெரியும். நாளையிலிருந்து அதற்கு ஆளில்லை. நோவை வாயால் சொல்ல நீயேதான் பழகவேண்டும். அறையில் கூட இருப்பவன் யாரானாலும் அவனிடம் சொல்லு. அவன் சிரித்தால் சிரிக்கட்டும்.

எங்கள் பஞ்சாங்கத்தில் தகப்பனுக்கு ஆடி அமாவாசை இருக்கிறது, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி இருக்கிறது. அந்த இரண்டு நாளும் ஒருநாள் உனக்கு வரும், வரத்தான் வேண்டும், அதுதான் முறை, அதற்கு நான் கவலைப்படவில்லை. அந்த வாங்கில் இருந்த அன்று என் தலைக்குள் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், இந்த வருடங்களில் பிள்ளைகளை இழந்த இந்த ஊர்த் தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் திரும்பவும் புரட்டிப் பார்க்கிறேன். பறிகொடுத்த பிள்ளைக்காகப் பெற்றவள் பிடிக்கிற விரதம் என்று அதில் ஒரு நாளும் இல்லை, தம்பி. இல்லாத நாளை நான் எங்கே தேடுவேன்? நொந்தால் சொல்லு.

அம்மா